அயூபின் அணையும் ஜியாவின் சட்டமும்

அன்புள்ள ஐயா,

துபாயில் பாகிஸ்தானியர்களோடு வேலை பார்க்கிறேன். அவர்களில் வயதானவர்கள், "அயூப் கான் காலம் பொற்காலம், நாட்டைக் கெடுத்தது ஜியாவுல் ஹக்" என்கிறார்கள். இருவருமே துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்த ராணுவத் தளபதிகள்தானே? யார் பெரிய தலைவர்?

- வாசகர், துபாய்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் சொல்வதில் பாதி சரி. அயூப் ஆட்சியில்தான் ஆலைகள் பெருகின, இஸ்லாமாபாத் எழுந்தது, 1960இல் நேருவோடு சிந்து நதி ஒப்பந்தம் கையெழுத்தானது, 1967இல் மங்களா அணை முடிந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாதனைகள். பணம் யார் வீட்டுக்குப் போனது என்பதை அவருடைய திட்டக்குழுவின் பொருளாதார நிபுணர் மஹ்பூபுல் ஹக்கே 1968இல் போட்டு உடைத்தார்: 22 குடும்பங்களுக்கு. இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் கசப்பு தனிக்கதை.

அரசியலில் அயூப் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. 1969 மார்ச்சில் தெருவெல்லாம் போராட்டம். அவரே கொண்டுவந்த 1962 அரசியல் சட்டப்படி, விலகும்போது பொறுப்பை சபாநாயகரிடம் விட்டிருக்க வேண்டும். சபாநாயகர் ஒரு வங்காளி. அயூபோ தளபதி யாஹ்யா கானைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தச் சட்டமும் அன்றோடு சரி.

ஜியா வேறு ரகம். பணிவான ஆள், தொந்தரவு இருக்காது என்று நம்பித்தான் மூத்த ஜெனரல்கள் பலரைத் தாண்டி 1976இல் பிரதமர் புட்டோ அவரைத் தளபதியாக்கினார். அடுத்த ஜூலையில் ஆட்சி கவிழ்ந்தது; 1979 ஏப்ரலில் புட்டோவுக்குத் தூக்கு. 90 நாளில் தேர்தல் என்று சொன்னவர், 1988இல் பஹாவல்பூர் அருகே விமானம் விழுந்து சாகும்வரை நாற்காலியை விடவில்லை.

அவர் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அதுதான் வித்தியாசம். 1979இன் ஹுதூத் (இஸ்லாமியத் தண்டனை) சட்டத்தில், வல்லுறவுக்கு உச்ச தண்டனை தர நான்கு முஸ்லிம் ஆண்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். 1983இல் பார்வை மங்கிய ஓர் ஏழை வீட்டுப் பெண்ணின் வழக்கு வந்தது. ஆதாரமில்லை என்று ஆண்களை விட்டுவிட்டார்கள். அவள் கர்ப்பமே அவளுக்கு எதிரான சாட்சியாகி, கசையடியும் சிறையும் விதிக்கப்பட்டன. ஊர் உலகம் கொதித்த பிறகுதான் மேல்முறையீட்டில் விடுதலை. வல்லுறவை மறுபடி பொதுத் தண்டனைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2006 வரை ஆனது. அதையும் செய்தது முஷாரஃப் என்ற இன்னொரு ஜெனரல்தான்! அரசைக் கலைக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தந்த ஜியாவின் திருத்தமோ 1990, 1993, 1996 என மூன்று முறை பிரதமர்கள் பேநசீரையும் நவாஸையும் பதம் பார்த்தது.

ஆகவே, யார் ஆழமாக வேர்விட்டார் என்று கேட்டால் ஜியா என்பேன். பாராட்டாகச் சொல்லவில்லை.

அயூபிடம் நான் மதிக்கிற ஒன்று அணையல்ல, 1961இன் முஸ்லிம் குடும்பச் சட்டம். இரண்டாம் திருமணத்துக்கு நடுவர் குழுவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றது அது. மார்க்க அறிஞர்களான உலமாக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஏற்றவையா என்று பார்க்கும் ஷரியத் நீதிமன்றத்தை ஜியா அமைத்தபோதுகூட முஸ்லிம் தனிநபர் சட்டத்தை அதன் வரம்புக்கு வெளியேதான் வைத்தார். உங்கள் நண்பர்களிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.