நெப்ராஸ்கா நிலக்கோப்பிலிருந்து அயர்லாந்துப் பூர்வீகத்துக்கு

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய எள்ளுத் தாத்தா அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, 1880-களில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹோல்ட் கவுண்டியில் அரசு நிலம் பெற்றுப் பயிரிட்டார் என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. என் பேரன் இப்போது விடாமல் கேட்கிறான். அயர்லாந்துப் பதிவுகளில் தேடினால் அதே பெயரில் எண்ணற்றோர் வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அயர்லாந்துப் பதிவுகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். அங்குள்ள ஆவணங்கள் பெரும்பாலும் ஊர்வாரியாகவே தொகுக்கப்பட்டவை. கவுண்டி எனப்படும் மாவட்டத்துக்குள் பங்கு (ஒரு தேவாலயத்தின் எல்லைப் பகுதி), பங்குக்குள் 'டவுன்லேண்ட்' எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவு என்று பகுக்கப்பட்ட அந்த நாட்டில், 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. பேட்ரிக், மைக்கேல், ஜான் போன்ற ஒருசில பெயர்களே வீட்டுக்கு வீடு திரும்ப வருவதால், ஊர்ப்பெயர் தெரியாமல் ஆளைத் தேடினால் வேறொருவரின் வம்சாவளியை உங்கள் மருமகளுடையதாக எழுதிவைக்கும் ஆபத்து மிகுதி. அந்த ஊர்ப்பெயர் கிடைப்பதானால், அது பெரும்பாலும் அமெரிக்கக் காகிதம் ஒன்றிலிருந்தே கிடைக்கும்.

முதலில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பின்னோக்கிச் செல்லுங்கள். 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிறந்த மாதம், ஆண்டு, மணவாழ்வின் ஆண்டுகள், நாட்டுக்கு வந்த ஆண்டு, குடியுரிமை நிலை ஆகிய அனைத்தும் கேட்கப்பட்டன. 1890-ஆம் ஆண்டுப் படிவங்கள் 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயின. ஆயினும் நெப்ராஸ்கா 1885-இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியதும், அதன் படிவங்கள் எஞ்சியிருப்பதும் உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. 1880-ஆம் ஆண்டுப் படிவத்தில் பெற்றோர் பிறந்த இடமும் உண்டு. ஆனால் இவற்றிலெல்லாம் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று மட்டுமே இருக்கும் என்று எதிர்பாருங்கள். குழந்தைகள் எந்தெந்த மாநிலத்தில் பிறந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பம் நகர்ந்து வந்த வழி அதில் தெரியும்.

அடுத்ததாக நிலக்கோப்பு. அவருக்கு நிலம் 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி கிடைத்திருக்கக்கூடும். 160 ஏக்கர் வரை கோரலாம். அங்கேயே 5 ஆண்டுகள் குடியிருந்து, நிலத்தைப் பண்படுத்தி, சாட்சிகளுடன் நிரூபித்த பிறகுதான் பட்டா. பட்டாவின் நகலை மத்திய நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பலர் அதைக் கண்டதும் நிறைவடைந்து நின்றுவிடுகிறார்கள். அது கடைசிக் காகிதம் மட்டுமே. அதற்குப் பின்னாலிருக்கும் கோப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் எண்மமாக்கப்பட்டும் இருக்கின்றன. அதைத் திறந்தால் விண்ணப்பதாரரின் வாக்குமூலம் இருக்கும்: வயது என்ன, மனைவி மக்கள் எத்தனை பேர், எப்போது குடியேறினார், வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, அது மரத்தாலானதா அல்லது புல்வேரோடு வெட்டியெடுத்த மண்பாளங்களை அடுக்கிக் கட்டியதா, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை பருவம் விளைவித்தார். பேரனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்த மனிதரின் அன்றாட வாழ்வு இவ்வளவு அருகில் தெரியும் ஆவணம் அரிது.

அயல்நாட்டில் பிறந்தவர் முழுக் குடியுரிமை பெற்ற பின்னரே பட்டா பெற முடியும் என்பதால், அதற்கான சான்றின் நகலும் கோப்பில் இணைக்கப்பட்டிருக்கும். 1906-க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்கள் அயர்லாந்தை அப்போது ஆண்ட பிரிட்டனின் விக்டோரியா அரசியின் மீதான விசுவாசத்தைத் துறப்பதாகச் சொல்வதோடு முடிந்துவிடும். ஊர்ப்பெயர் இருப்பது அபூர்வம். ஆனாலும் எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்பது இருக்கும். அவர் மேற்கே வருவதற்கு முன் எங்கே வாழ்ந்தார் என்பதை அது காட்டிவிடும். ஹோல்ட் கவுண்டியைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். அங்குள்ள ஓ'நீல் நகரை 1874-இல் நிறுவியவர், அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ஃபீனியன் இயக்கத்தின் சார்பில் கனடா மீது படையெடுப்புகளை நடத்திய ஜான் ஓ'நீல். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழன்றுகொண்டிருந்த அயர்லாந்துக்காரர்களை அழைத்துவந்து நிலத்தில் அமர்த்துவதே அவர் நோக்கம். உங்கள் மருமகளின் மூதாதையர் அவ்வழியே வந்திருந்தால், பென்சில்வேனியாவில் அவர் வாழ்ந்த ஊரின் கத்தோலிக்கப் பங்கின் திருமணப் பதிவேட்டில் மணமக்களின் சொந்தக் கவுண்டியோ, சில வேளைகளில் பங்கோ குறிக்கப்பட்டிருக்கலாம்.

இவற்றில் எதிலும் ஊர் கிடைக்கவில்லையானால், அவரைச் சுற்றியிருந்தவர்களைத் தேடுங்கள். நிலக்கோப்பில் சாட்சி சொன்ன அண்டை வீட்டார், குழந்தைகளின் ஞானப்பெற்றோர், பக்கத்து நிலத்துக்காரர் ஆகியோரில் ஒருவராவது ஒரே ஊரிலிருந்து வந்த உறவினராக இருப்பது வழக்கம். அந்த உறவினரின் கல்லறைக் கல்லிலோ உள்ளூர்ச் செய்தித்தாளின் இரங்கற்குறிப்பிலோ அந்த ஊர்ப்பெயர் கிடக்கலாம். இந்த வேலைக்குத்தான் பொறுமை தேவை. வேறெங்கும் கிடைக்காத விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

ஊர் தெரிந்த பிறகு அயர்லாந்துக்குத் திரும்புங்கள். 1922-இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்ததால் எல்லாமே போய்விட்டது என்று பலர் சொல்வார்கள்; அதை ஏற்க வேண்டாம். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி போனது உண்மை. ஆனால் 1847-க்கும் 1864-க்கும் இடையில் அச்சான கிரிஃபித் நிலவரி மதிப்பீட்டில், வீடும் நிலமும் வைத்திருந்தோரின் பெயர்கள் டவுன்லேண்ட்வாரியாக உள்ளன; 1850-ஐ ஒட்டிப் பிறந்தவரின் தந்தை அதில் இருக்கக்கூடும். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகத் தருகிறது. ஞானஸ்நானப் பதிவில் பெயர்கள் லத்தீனில் இருக்கலாம், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். பிறப்பு, இறப்பு, அனைத்துத் திருமணங்களின் அரசுப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது.

குடும்பப்பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் வராது. 'ஓ' என்ற முன்னொட்டு ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. வயதும் ஐந்தாறு ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம். எனவே பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், மனைவியும் உடன்பிறந்தாரும் பொருந்துகிறார்களா என்று பாருங்கள். முழுமையாக எஞ்சியுள்ள 1901-ஆம் ஆண்டு அயர்லாந்துக் கணக்கெடுப்பில், அதே டவுன்லேண்டில் ஊரைவிட்டுப் போகாத அண்ணன் தம்பி எவரேனும் குடும்பத்தோடு இருந்தால் பெயர்களை ஒப்பிடுங்கள். மருமகளின் குடும்பத்தில் உயிரோடிருக்கும் மிக மூத்தவரிடம் இப்போதே டிஎன்ஏ சோதனைக்கு இசைவு கேட்டுவையுங்கள். அந்த அயர்லாந்துக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகளில் எவரேனும் சோதனை செய்திருந்தால், காகிதங்கள் காட்டிய உறவு சரிதானா என்பதை அதைக்கொண்டு சரிபார்க்கலாம்.