கால் என்ட கால்தானே: ஹில்மா அஃப் கிளிண்ட் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஹில்மா அஃப் கிளிண்ட் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கிக்கு முதலே உருவம் இல்லாத படம், அதாவது அருவ ஓவியம், கீறியவர் ஒரு சுவீடன் நாட்டுப் பெண் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதை எனக்குச் சித்திரம் படிப்பித்த ஒருவரிடம் காட்டினேன். "ஆவிகள் சொல்லித்தான் கீறினேன் என்று அந்த மனுஷியே எழுதி வைத்திருக்கிறா. அப்படியென்றால் அது ஆவியின் படமா, அவவின் படமா? ஒன்றில் பக்தி, இல்லாவிட்டால் வருத்தம், மனநோய். ஓவியம் இல்லை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று. ஹில்மாவின் காலத்தில் ஒருவருமே அந்தப் படங்களைப் பார்க்கவில்லை என்றால், செல்வாக்கு மிக்க ஓவியர் என்று எப்படி எழுதுகிறீர்கள்? ஒருவருக்கும் தெரியாமல் இருந்தவர் யாரை மாற்றியிருக்க முடியும்?

கடைசியாக என் சொந்தக் கதை. நானும் உருவம் இல்லாத படங்கள்தான் கீறுகிறேன். பதினான்கு படங்கள் கட்டிலுக்குக் கீழே சுருட்டிக் கிடக்கின்றன. அம்மா ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து "இது என்ன?" என்று கேட்கிறா, நான் சுருட்டி வைத்துவிடுவேன். ஒரு வருஷமாகத் தூரிகை தொடவில்லை. ஹில்மாவைப் போல இருபது வருஷம் மூடி வைத்துவிட்டால் என்ன என்றும் யோசிக்கிறேன், பெரிய நீலப் படம் ஒன்றைத் தவிர. அது மட்டும் எனக்குப் பிடிக்கும்.

ச.,
பாண்டிருப்பு, கல்முனை


அன்புள்ள தங்கச்சி,

உங்கள் ஆசிரியர் சொன்னதை வாசித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. பக்தி, இல்லாவிட்டால் வருத்தம் என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு, வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் சடங்கு நடக்கிற நம் பகுதியில் ஒருவர் கதைக்கலாமா?

படுவான்கரையில் எனக்கு ஒரு மாமி இருந்தார். ஊர் மாரியம்மன் கோயிலில் இருபது வருஷத்துக்கு மேல் தெய்வம் ஆடியவர். சடங்குக்கு நாட்கணக்கில் இருக்கும்போதே வீட்டில் மச்சம் நின்றுவிடும், அவர் படுக்கிற பாய் வேறாகிவிடும், ஒருவரோடும் உரத்துக் கதைக்க மாட்டார். அன்றிரவு உடுக்கு ஏறி, பறை சேர்ந்து, காவியம் படிக்கிற குரலும் கூடும்போது முதலில் மாமியின் கழுத்து விறைக்கும், பிறகு வேப்பிலை பிடித்த கை, எல்லாவற்றுக்கும் பிறகுதான் கால் எழும்பும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, சடங்கு முடிந்த விடியற்காலையில், மஞ்சள் தண்ணீர் காய்ந்துபோன புடவையோடு திண்ணையில் கால் நீட்டி இருந்தவரிடம், "மாமி, ஆடுறது நீங்களா அம்மாவா?" என்று கேட்டேன். அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அம்மா வருவா புள்ள. ஆனா கால் என்ட கால்தானே. நோகிறது எனக்குத்தானே."

ஹில்மாவின் விஷயத்திலும் எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது. மாமியின் காலைப் போல, ஹில்மா தன் கையை எப்படிப் பழக்கினார் என்று பாருங்கள். 1862இல் பிறந்தவர். அவருடைய முன்னோர் கடல் வரைபடம் கீறியவர்கள், அளவும் கோடும் பிசகினால் கப்பல் தரை தட்டிவிடும் என்ற வேலை அது. 1882 முதல் 1887 வரை ஸ்டாக்ஹோம் அரச கலைக்கழகத்தில் முறையாகப் படித்தார். ஆட்களின் முகம், நிலக்காட்சி, இலையும் பூவும் என்று கீறித்தான் சீவித்தார், விலங்கு மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கும் படம் கீறிக் கொடுத்தார். அவருடைய தாவரப் படங்களைத் தேடிப் பாருங்கள், ஒரு நரம்பு பிசகியிருக்காது. இந்தக் கையைத்தான் அவர் பிறகு 'அவர்களிடம்', அந்த ஆவிகளிடம், ஒப்புக்கொடுத்தார்.

அதுவும் ஒரே இரவில் நடந்ததில்லை. 1896இல் நாலு சிநேகிதிகளோடு சேர்ந்து 'ஐவர்' என்றொரு குழு. வெள்ளிக்கிழமைகளில் கூடுவார்கள், செபிப்பார்கள், பென்சில் தானாக ஓடவிட்டுக் கீறுவார்கள், எல்லாவற்றையும் கொப்பியில் பதிவார்கள். பத்து வருஷம் அப்படியே போனது. 1906இல்தான் 'ஆலயத்துக்கான ஓவியங்கள்' தொடங்குகிறது, முதலில் சின்னச் சின்னதாக 26 படங்கள். அடுத்த வருஷம் 'பத்துப் பெரியவை'. ஒவ்வொன்றும் 3.2 மீற்றர் உயரம், 2.4 மீற்றர் அகலம், நம் வீட்டுப் பாய் நாலைச் சேர்த்து விரித்தாலும் போதாது. கடதாசியைத் தரையில் விரித்து, டெம்பரா வர்ணத்தில், பத்தையும் சுமார் நாற்பது நாளில் முடித்தார். டெம்பரா கெதியாகக் காய்ந்துவிடும், யோசித்து யோசித்துத் திருத்த இடம் தராது. குழந்தைப் பருவத்துக்கு நீலம், இளமைக்குச் செம்மஞ்சள், வளர்ந்த பருவத்துக்கு ஊதா. ஊதாவில் ஒரு படம் இருக்கிறது, ஏழாவது. நடுவில் பெரிய மஞ்சள் உருவம், பூவென்றால் பூ, பூசணி என்றால் பூசணி, இரண்டும் இல்லை. சுற்றிவரச் சுருள்களும், ஒருவருக்கும் வாசிக்க வராத எழுத்துகளும். நான் அதைக் கைத்தொலைபேசியிலும் ஒரு புத்தகத்திலும்தான் பார்த்திருக்கிறேன், அப்படியிருந்தும் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

தொடக்கத்தில், முன்கோடு எதுவும் இல்லாமல் படங்கள் தன் வழியாக நேரே கீறப்பட்டன என்றுதான் அவர் எழுதினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1908இல் வேலை நின்றுபோகிறது, கண் தெரியாமல் போன தாயைப் பார்க்க வேண்டியிருந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு 1912இல் திரும்பி வரும்போது கை மாறிவிட்டது, கோடுகள் இறுகி, வடிவங்கள் கணக்குப்போல் வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதல்ல தன் வேலை, அவர்கள் எப்போதும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதுதான் என்ற கருத்துப்பட அவரே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் யாரும் நிற்கட்டும், கீறுகிறவர் இவர்தான். 1915இல் தொகுதி முடியும்போது மொத்தம் 193 படங்கள். வருத்தக்காரர் ஒருவர் இத்தனை ஒழுங்காக, தொடர் எண் போட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் குறிக்கும் விளக்கம் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்வாரா? நீலம் பெண், மஞ்சள் ஆண், இரண்டும் கலந்த பச்சை சேர்க்கை என்று தனக்கொரு அகராதியே வைத்திருந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகள் மட்டும் ஏறக்குறைய 26,000 பக்கங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் எங்கே என்றால், இதே அடியில் நின்ற ஆண்களிடம் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காண்டின்ஸ்கி பிரம்மஞான சபையின் (தியோசபிக்கல் சொசைட்டி) நூல்களைப் படித்தவர், கலையில் ஆன்மிகம் பற்றி 1911இல் ஒரு புத்தகமே போட்டவர். ஒல்லாந்து ஓவியர் மோண்ட்ரியன் 1909இல் அந்தச் சபையில் சேர்ந்தவர். ஹில்மாவும் அதே சபைதான். 1880இல் காலியில் வந்து இறங்கிய ஒல்கொட்டும் பிளாவட்ஸ்கியும் தொடங்கிய சபை அது, 1882இலிருந்து சென்னை அடையாற்றில் தலைமையகம், ஆக இந்தச் சிந்தனையில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்து போனதுதான். காண்டின்ஸ்கி செய்தால் தத்துவம், மோண்ட்ரியன் செய்தால் தேடல், ஹில்மா செய்தால் ஆவி பிடித்த மனுஷி. இது நமக்குத் தெரியாத கதையா? கோயிலில் மந்திரம் சொல்லுகிறவரை எல்லாம் தெரிந்தவர் என்கிறோம், அதே கோயிலில் ஒரு பெண் சடங்கு நாளில்லாத நாளில் ஆடிவிட்டால் "பேய் பிடிச்சிற்று, பார்வை பார்க்கக் கூட்டிப்போ" என்கிறோம்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஐவரில் ஒருவரான அன்னா காசெல்லும் தொடக்கப் படங்களில் கை வைத்திருக்கிறார், அது எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இப்போது வாதம் நடக்கிறது. தனி மேதை என்று ஹில்மாவை நான் தூக்கிப் பிடித்து எழுதியது கொஞ்சம் அவசரம்தான். பன் பாய் இழைக்கிற வீடுகளில் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் இருந்து முடிப்பார், பாய் விற்கும்போது அதில் யார் பெயரும் இராது. அப்படி ஒன்று இங்கேயும் நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, செல்வாக்கு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அந்தச் சொல்லை நான் யோசிக்காமல் போட்டுவிட்டேன். அவர் காலத்து ஓவியர் ஒருவரையும் அவர் மாற்றவில்லை. ஆனால் ஒருவருமே பார்க்கவில்லை என்பதும் சரியில்லை. பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளையை நடத்திய ருடால்ஃப் ஸ்டைனருக்குக் காட்டினார், 1928இல் லண்டனில் சில படங்களை வைத்தார். நினைத்த வரவேற்பு கிடைக்கவில்லை. அதன் பிறகுதான், 1932இல், தான் செத்து இருபது வருஷம் போகும் வரை இன்னின்ன படைப்புகளைத் திறக்க வேண்டாம் என்று குறித்து வைத்தார். 1944இல் ட்ராம் விபத்தொன்றில் காயப்பட்டுப் போய்ச் சேர்ந்தார், 82 வயதுக்குச் சில நாட்களே இருந்தன. எல்லாம் கடற்படை அதிகாரியான, சகோதரனின் மகன் எரிக்கின் கைக்குப் போயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் கூரைக்கடியில் பெட்டிகளில் கிடந்தன. 1970இல் ஸ்டாக்ஹோமின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றுவிட்டது. 1986இல்தான் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய கண்காட்சியில் படங்கள் வெளியே வந்தன. அதற்குப் பிறகும், 2012இல் நியூயோர்க்கில் அருவ ஓவியம் பிறந்த கதையைச் சொல்லப் பெரிய கண்காட்சி வைத்தபோது அவர் பெயர் அதில் இல்லை. ஆறு வருஷம் கழித்து அதே நகரத்தில் குகன்ஹைமில் அவருக்கென்று வைத்த கண்காட்சிக்கு ஆறு இலட்சத்துக்கு மேல் சனம் வந்தது, அந்த அருங்காட்சியகத்தில் அதுவரை அப்படிக் கூட்டம் இல்லை. அந்தக் கட்டடம் சுருளாக ஏறுகிற கட்டடம். தன் படங்களுக்கென்று ஹில்மா மனதில் கட்டிய ஆலயமும் சுருள்தான், அது கட்டப்படவே இல்லை.

ஆகவே அவருடைய செல்வாக்கு பின்னோக்கி வேலை செய்கிறது. 1910, 1911 என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அருவ ஓவிய வரலாற்றின் தொடக்கம் 1906க்குப் போய்விட்டது, அதை ஏற்கலாமா கூடாதா என்று இன்றும் சண்டை. உங்களைப் போல ஒரு பிள்ளை பாண்டிருப்பிலிருந்து எனக்கு இப்படிக் கடிதம் எழுதுகிறது என்பதையும் அந்தச் செல்வாக்கில்தான் சேர்ப்பேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து மூடி வைக்காதீர்கள். இருபது வருஷம் மூடி வைக்கிற வசதி சுவீடன் குளிருக்கு இருக்கலாம், நமக்குக் கறையான் இருக்கிறது, மார்கழி வெள்ளம் இருக்கிறது, கடல் இருக்கிறது. எனக்குச் சித்திரம் படிப்பித்த சேர் கடலோர நாவலடியில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு வாவியை மட்டுமே கீறினார், அதுவும் வரவர ஓடமும் இல்லை, கரையும் இல்லை, நிறம் மட்டும். ஒரு மரப்பெட்டகம் நிறைய வைத்திருந்தார், ஒருவருக்கும் காட்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் சேர் உயிர் தப்பினார், பெட்டகம் போயிற்று. மிச்சம் இருப்பது, எட்டாம் வகுப்பில் எனக்குப் பரிசாகத் தந்த ஒன்றுதான். இதை எழுதும்போதும் மேசைக்கு மேலே தொங்குகிறது. மூன்று பட்டைகள். மேலே சாம்பல், நடுவில் மங்கின ரோசா, கீழே கரும்பச்சை. ரோசாவும் பச்சையும் சேரும் இடத்தில் தண்ணீர் கூடிப்போய் ஒரு வழிசல், அதை அவர் துடைக்காமல் விட்டிருக்கிறார், மூலையில் தேத்தண்ணிக் கறை. மழை இருட்டு நாளில் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் வாவி அப்படியே இருக்கும்.

ஹில்மா அந்த 193 படங்களுக்கும் ஒரு காரியம் செய்தார். பத்து நீலக் கொப்பிகள் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் கறுப்புவெள்ளையில் புகைப்படம் பிடித்து ஒட்டி, பக்கத்திலேயே அதைச் சின்னதாக நீர்வர்ணத்தில் திரும்பக் கீறி வைத்தார். போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றுதான். சேரிடம் அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் என்று நான் நினைக்காத வருஷம் இல்லை.

அதனால் இந்த மழை தொடங்க முதல் பதினான்கையும் வெளியே எடுங்கள். முற்றத்தில், வெயில் நேரே விழாத நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகப் படம் பிடியுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் திகதியும் அளவும் எழுதுங்கள், பேனையால் வேண்டாம், மை ஊறும். அம்மாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் சுருட்டி வைக்காமல், எந்த நிறத்தை முதலில் போட்டீர்கள், எது பிறகு வந்தது என்று சொல்லுங்கள், அது அவவுக்கு விளங்கும், பாய் இழைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவவாகத்தான் இருப்பா. பிறகு அந்தப் பெரிய நீலப் படத்தை எனக்கு அனுப்புங்கள், எத்தனை அடி என்றும் எழுதுங்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு கல்முனைப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, நேரில் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
அக்கா
மட்டக்களப்பு