தங்குனது முன்னாடி, விதைச்சது பின்னாடி

சார் வணக்கம். விவசாயம் வர்றதுக்கு முன்னாடியே மனுஷன் ஒரே எடத்துல தங்கிட்டான்னு எழுதியிருந்தீங்க. என் பையனோட ஸ்கூல் புக்ல அப்படியே தலைகீழா இருக்கு. விதைக்காம ஒரே எடத்துல உக்காந்தா சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?

– ஈரோட்டுலேர்ந்து ஒரு வாசகர்

தம்பி,

துருக்கி, சிரியா பக்கம் காட்டுக் கோதுமை நம்மூர் கோரைப்புல்லு மாதிரி தானா மொளைக்கும், இன்னைக்கும். 1960-கள்ல ஜாக் ஹார்லன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிக்கிமுக்கிக் கல்லுல செஞ்ச அரிவாளால அத அறுத்துப் பாத்தாரு, ஒரு மணி நேரத்துக்கு சுத்தமான தானியமாவே கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறுச்சு. கை பழகுன குடும்பம் மூணு வாரம் அறுத்தா வருஷம் பூரா தின்னாலும் மிஞ்சும்னு கணக்குப் போட்டாரு. அவ்ளோ தானியத்த எவன் தூக்கிட்டு அலைவான்? அரைக்கிற கல்லு வேற பிணக்கனம் கனக்கும்.

சிரியாவுல யூப்ரடிஸ் ஆத்தோரம் அபு ஹுரைரான்னு ஒரு ஊரு. சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்தவங்க மான் வேட்டையாடி, காட்டு விதையப் பொறுக்கி, குடிசை போட்டுத் தங்குனவங்க. பெரிய அளவுல பயிர் வெச்சதும் மண்வீடு கட்டுனதும் ரொம்பப் பின்னாடி.

பயிர் வெச்சதும் சொகுசாயிட்டாங்கன்னு மட்டும் நெனச்சுராதீங்க. அதே ஊருல கெடச்ச விவசாயக் காலத்து எலும்புகள தேயா மோல்சன்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணாங்க, நெறைய பேருக்கு, முக்கியமா பொம்பளைங்களுக்கு, கால் கட்டைவிரல் மூட்டு தேஞ்சு கெடக்கு, முட்டியிலயும் கீழ்முதுகுலயும் அதே தேய்மானம். மண்டி போட்டு, கால்விரல மடிச்சு ஊனிக்கிட்டு, தரையில கெடக்குற கல்லுல தெனம் மணிக்கணக்கா முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அரைச்சா வேற என்ன ஆகும்? நம்ம அம்மி மாதிரிதான், ஆனா கொழம்புக்கு ஒரு உருண்டை மசாலா இல்ல, மொத்த வீட்டுக்கும் மாவு. பல்லும் தேஞ்சிருக்கு, கல்லுப்பொடி மாவோட சேந்து வாய்க்குள்ள போயிருக்கும்ல. அந்த எடத்த 1972, 73ன்னு ரெண்டே சீசன்தான் தோண்ட முடிஞ்சுது, அப்புறம் அணை கட்டி ஏரிக்குள்ள போயிருச்சு.

ஆனா உங்க பையன் புக்கும் முழுத் தப்பு இல்ல. மெக்சிகோவுல பாருங்க, 10,000 வருஷத்துக்கு முன்னாடியே பூசணி போட்டுட்டாங்க, நெலையான ஊருன்னு ஒண்ணு வர அதுக்கப்புறம் பல ஆயிரம் வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் போட்டுட்டுப் பொழப்பப் பாத்து அலைஞ்சவங்கதான். நான் சொன்னது மேற்காசியா கதை, அத அன்னைக்கே தெளிவா எழுதியிருக்கணும். பரீட்சைக்கு புக்ல இருக்கறதையே எழுதச் சொல்லுங்க, என்னால மார்க் போச்சுன்னு அடுத்த லெட்டர் வரவேணாம்.