லுவார் மாளிகைகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வாசகி ஒருவரின் கேள்வி: செப்டம்பர் பிற்பகுதியில் பாரிஸ் வரும் நானும் என் அம்மாவும் லுவார் பள்ளத்தாக்கின் மாளிகைகளைப் பார்க்க நான்கு நாட்களை ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவுக்கு வயது 68. முழங்கால் வலி உண்டு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்த மாளிகைகளைத் தேர்ந்தெடுப்பது? இன்றும் குடும்பங்கள் வசிக்கும் பழைய நிலப்பிரபுக்களின் வீடுகளுக்குள் வெளியார் செல்ல முடியுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியைப் பொறுத்தே பயணத் தேதி அமையும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே செல்ல முடியும். ஆனால் ஆண்டு முழுவதும் முடியாது. வரலாற்றுச் சின்னமாக அரசு அறிவித்த வீட்டைத் தனியார் ஒருவர் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால், அதன் பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் கூடுதல் சலுகை கிடைக்கும். அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் குறைந்தது 50 நாட்கள், அவற்றில் 25 ஞாயிறு அல்லது விடுமுறை நாட்களாக, வீட்டைத் திறந்து வைக்க வேண்டும். அல்லது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்குள் 40 நாட்கள் திறந்தால் போதும். கூரை ஓடு மாற்றுவதற்கே பெருந்தொகை செலவாகும் வீடுகள் இவை என்பதால் உரிமையாளர்கள் பலரும் இந்தக் கணக்கைப் பார்த்தே கதவைத் திறக்கிறார்கள். கோடையில் திறந்திருக்கும் சிறிய வீடுகள் பலவும் அக்டோபர் பிறந்ததும் பூட்டிக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அந்த வகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம்தான். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் மரபுச் சின்ன நாட்கள் கொண்டாடப்படுகின்றன. 1984இல் பிரான்சில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், மற்ற நாட்களில் யாருக்கும் திறக்காத வீடுகள்கூட அந்த இரண்டு நாட்கள் திறக்கப்படுவதுண்டு. உங்கள் நான்கு நாட்களில் அந்தச் சனியும் ஞாயிறும் அடங்குமாறு தேதியை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய மாளிகைகளில் அன்று கூட்டம் நெரியும் என்பதால் அவற்றை முந்தைய இரண்டு நாட்களிலேயே முடித்துவிடுவது நல்லது.

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் தூர் நகரத்தை அடையலாம். முதல் இரண்டு இரவுகள் அங்கே தங்குங்கள். பிறகு ரயிலில் புளுவா என்ற நகரத்துக்கு மாறிவிடுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு மாளிகைகளைக் காட்டுவதாகச் சொல்லும் வேன் சுற்றுலாக்களை நான் பரிந்துரைப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு நாளில் ஒரு பெரிய மாளிகையே போதும். மனம் ஒப்பினால், அத்துடன் சிறியது ஒன்று.

கார் இல்லாதவர்களுக்கு முதல் தேர்வு ஷெனோன்சோ. தூரிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் ரயில், மாளிகை வளாகத்தின் வாசலுக்கு அருகிலேயே நிற்கிறது. அங்கிருந்து மாளிகை வரை இருபுறமும் பிளேன் மரங்கள் நிற்கும் நீண்ட பாதை, தரை சமமானது. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல நிற்கும் இந்த மாளிகையில் நீங்கள் நிதானமாகச் செலவிட வேண்டிய இடம், பிரான்சின் அரசியாக இருந்த கத்தரீன் தெ மெதிசி கட்டுவித்த 60 மீட்டர் நீளக் கூடம். அது தரைத்தளத்தில் இருப்பதால் அம்மாவும் சிரமமின்றி வரலாம். கறுப்புப் பலகைக்கல்லும் வெண்சுண்ணக்கல்லும் சதுரங்கப் பலகைபோல மாறி மாறிப் பதித்த அந்தத் தளத்தின்மீது, முதல் உலகப்போரில் காயமடைந்த வீரர்களின் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. மாளிகையை 1913இல் வாங்கிய மெனியே என்ற சாக்லேட் தொழிற்குடும்பம் அதைச் சொந்தச் செலவில் மருத்துவமனையாக நடத்தியது. இரண்டாம் உலகப்போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடாயிற்று: தலைவாசல் இருந்த வடகரை ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதி, கூடத்தின் தென்கோடிக் கதவு திறந்தது ஆக்கிரமிப்பில்லாத பகுதிக்கு. அந்தக் கதவருகே நின்று இரு கரைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். சமையலறைகளுக்கு மட்டும் படியிறங்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் பிற்பகலில் தெம்பு இருந்தால் அஸே-லெ-ரிதோ போகலாம். அந்திர் ஆற்றின் நடுவே நிற்கும் அழகான சிறு மாளிகை; அரசுக்குச் சொந்தமானது. ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் என்பதால் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புளுவாவிலிருந்து பருவகாலத்தில் ஷம்போருக்கும் ஷெவெர்னிக்கும் பேருந்து ஓடுகிறது. தடவைகள் குறைவு; ஆகவே, திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைப் பார்த்த பிறகே போகும் பேருந்தை முடிவு செய்யுங்கள். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைத்துவிடக் கூடாது. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கிய ஷம்போரில் அறைகள் 400க்கும் மேல். ஆனால் மன்னர் அங்கே தங்கியது மொத்தமே சில வாரங்கள்தான். அக்காலத்தில் அரசவை ஊர் ஊராகப் போகும்போது கட்டிலும் திரைச்சீலையும் கூடவே வண்டியில் வந்து, கூடவே திரும்பிப் போயின. எனவே ‘அறைகள் வெறுமையாக இருக்கின்றனவே’ என்று அங்கே வருத்தப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை கட்டடமும், இருவர் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினாலும் எதிர்ப்படாதபடி பின்னிச் செல்லும் இரட்டைச் சுருள் படிக்கட்டும், புகைபோக்கிகள் காடுபோல் நிற்கும் மொட்டைமாடியும்தான். மாடிக்குப் படியேறித்தான் ஆக வேண்டும். அம்மா கீழே அமர்ந்து படிக்கட்டின் நடுத்தண்டை அண்ணாந்து பார்க்கட்டும். ஷெவெர்னியோ உரூல் குடும்பத்தின் வழியினர் இன்றும் வைத்திருக்கும் வீடு. நாற்காலி, பீங்கான், படுக்கை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், அம்மாவுக்காக ஷெவெர்னியையே சொல்வேன்.

கடைசி நாளுக்கு, பிராசியே ஊருக்கு அருகிலுள்ள வில்சவான். ஷம்போர் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ழான் லெ பிரெத்தோன் என்ற அரசு அதிகாரி தமக்கெனக் கட்டிக்கொண்ட தாழ்வான, அமைதியான வீடு இது. இதன் வட்டமான புறாக்கூண்டுக் கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். உட்சுவர் முழுவதும் அடுக்கடுக்காகப் பொந்துகள். நடுவில் அச்சில் சுழலும் ஏணியில் நின்றபடியே எந்தப் பொந்துக்கும் கையெட்டி முட்டையும் குஞ்சும் எடுத்தார்கள். புறா வளர்ப்பது நிலப்பிரபுக்களின் உரிமை. விதைத்த தானியத்தைப் புறாக்கள் தின்றாலும் குடியானவன் அவற்றைத் தொட முடியாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1789 ஆகஸ்ட் 4 இரவு ஒழிக்கப்பட்ட சிறப்புரிமைகளில் இதுவும் ஒன்று. நாட்டுப்புறத்தில் நிலமும் அதிகாரமும் எப்படிப் பிணைந்திருந்தன என்பதைப் பெரிய அரண்மனைகளைவிட இந்தக் கோபுரம் தெளிவாகக் காட்டும் என்பது என் கருத்து. புளுவாவிலிருந்து அரை நாளுக்கு டாக்சி பேசிக்கொண்டால் ஷெவெர்னியையும் இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

தனியார் வீடுகளில் பகல் 12 மணிக்குப் பூட்டி 2 மணிக்குத் திறக்கும் வழக்கம் பரவலாக உண்டு. கிராமத்து உணவகங்களும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மதிய உணவு பரிமாறும். அதற்குப் பிறகு கேட்டால் காபி மட்டுமே கிடைக்கும். எனவே 12 மணிக்கே சாப்பிட உட்காருங்கள். சைவம் என்றால் முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உரிமையாளரே சுற்றிக் காட்டும் வீட்டில் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் இருக்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார ஓர் இருக்கையும் அப்போதே கேட்டால், அம்மாவுக்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.