ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னி தீவுகளில், கடல் வற்றும்போது மட்டும் நடந்து போகக்கூடிய பர்சே தீவுக்கு (பிராஃப் ஆஃப் பர்சே) நாளை எத்தனை மணிக்குப் போகலாம்?

நாளை 1.30க்குப் போகாதீர்கள், 3 மணிக்கு மேல் கிளம்புங்கள். கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் கடல் வற்றும் நேரம் 3.00 என்று பார்த்து, இன்று 1.30க்குப் போனபோது பாதை தண்ணீருக்குள் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டவணை பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருந்திருக்கும். கோடையில் ஓர்க்னியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அப்படியானால் இன்று கடல் வற்றியது 4 மணிக்கு. அதற்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம்தான் தீவுக்கு நடந்து போக முடியும்.

அட்டவணையின் மேலேயோ ஓரத்திலோ ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் என் கணக்கு சரி. வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நாளை 4.50 வாக்கில்.

போனதும் தேவாலயச் சிதைவின் பக்கம் நிற்கும், ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்களின் கல்லைத் தவறவிடாதீர்கள். அதன் செதுக்கலில் கேடயமும் ஈட்டியுமாக மூன்று வீரர்கள் வரிசையாக நடப்பார்கள். அது நகல்தான் (அசல் எடின்பரோ அருங்காட்சியகத்தில்), ஆனால் கடல்காற்றில் அங்கே பார்ப்பது தனி. அப்புறம் 1925இல் கட்டிய கலங்கரை விளக்கம் வரை ஏறுங்கள். ஜூலைக்குள் என்றால் பஃபின் பறவைகளும் கண்ணில் படலாம்.

ஒன்று மட்டும் கவனம். பாதையின் சிமெண்டில் பாசி வழுக்கும். பலத்த காற்றடித்தால் தண்ணீர் சீக்கிரமே ஏறிவிடும். 6 மணிக்குள் இக்கரைக்கு வந்துவிடுங்கள், மாட்டிக்கொண்டால் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அங்கேதான். பாதை திறக்கக் காத்திருக்கும்போது கிராமத்திலுள்ள ஏர்ல் அரண்மனைச் சிதைவைப் பார்த்துவிடலாம்.