மின்சார பைக்கில் பெல்ட், ஸ்ப்ராக்கெட் மாற்றுதல்: வாசகர் கேள்விகள்

என் மின்சார பைக்கில் மோட்டாரிலிருந்து பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் பெல்ட்டில், பற்களின் அடியில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கிறது. பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். ஸ்ப்ராக்கெட்டையும் (பெல்ட் ஓடும் பல் சக்கரத்தையும்) சேர்த்து மாற்றச் சொல்கிறார் நண்பர். எது சரி? (வாசகர், தர்மபுரி)

பற்களின் அடியில் விரிசல் விழுந்துவிட்டால் பெல்ட்டின் ஆயுள் முடிந்தது; அதில் இரண்டாவது யோசனை வேண்டாம். ஸ்ப்ராக்கெட்டை மாற்ற வேண்டுமா என்பதை அதன் பற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் அலுமினியத்தால் ஆனது. மேலே கெட்டியான கறுப்புப் பூச்சு இருக்கும். பற்களின் பக்கவாட்டில் அந்தப் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தால், உள்ளே இருப்பது மெத்தென்ற வெறும் அலுமினியம். மணல் துகள் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். விரல் நகத்தைப் பல்லின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். பெல்ட் உட்காரும் இடத்துக்கும் உட்காராத ஓரத்துக்கும் இடையே நகம் தட்டினால் தேய்மானம் ஆழமாகிவிட்டது. பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் பல்லைப் போல வளைந்திருந்தால் அளந்து பார்க்கவே தேவையில்லை. அப்படிப்பட்ட ஸ்ப்ராக்கெட்டில் புது பெல்ட்டைப் போட்டால், அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும்.

மோட்டார் பக்கத்துச் சிறிய ஸ்ப்ராக்கெட்தான் முதலில் தேயும். உதாரணமாக, மோட்டாரில் 28 பல், சக்கரத்தில் 132 பல் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது மோட்டார் ஸ்ப்ராக்கெட் சுமார் 4.7 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது அதன் ஒவ்வொரு பல்லும் 4.7 மடங்கு அதிகமாக பெல்ட்டோடு உரசுகிறது. எனவே பெரிய ஸ்ப்ராக்கெட் நன்றாக இருந்தாலும், பெல்ட்டோடு சிறியதையாவது மாற்றிவிடுங்கள். பெல்ட்டில் கல் சிக்கி அறுந்திருந்தால் இரண்டையும் ஒவ்வொரு பல்லாகச் சோதியுங்கள். ஒரே ஒரு பல்லில் பிசிறு நின்றாலும் அது புது பெல்ட்டைக் கிழித்துவிடும்.

வீட்டிலேயே மாற்ற முடியுமா? என்னிடம் பேடாக் ஸ்டாண்டும் (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது) டார்க் ரெஞ்சும் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இருக்கின்றன. (வாசகர், ஈரோடு)

முடியும். ஆனால் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: பெல்ட் வளையத்துக்குள் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) நுழைந்து போகிறதா? சில வண்டிகளில் அப்படித்தான் அமைந்திருக்கும். பெல்ட்டை செயின்போல வெட்டி இணைக்க முடியாது என்பதால், அங்கே ஸ்விங் ஆர்மை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் பிவட் போல்ட்டையும் கழற்ற வேண்டிவரும். அது ஒரு நாள் வேலை; சர்வீஸ் சென்டரிடம் விடுவதே நல்லது.

அந்தச் சிக்கல் இல்லையென்றால் சார்ஜரைக் கழற்றி, சாவியை எடுத்து, வண்டியில் எம்.சி.பி. (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அணைத்துவிடுங்கள். மின்சார பைக் ஆனில் இருக்கிறதா என்பது சத்தத்தை வைத்துத் தெரியாது. பெல்ட்டுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் இருக்கும்போது யாராவது த்ராட்டிலைத் திருப்பினால் விரல் போய்விடும். வேலை முடியும்வரை சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்த வயர்.

முதலில் தளர்த்த வேண்டியது மோட்டார் ஸ்ப்ராக்கெட்டின் நட். பழைய பெல்ட் வண்டியில் இருக்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நட்டைத் தளர்த்துங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு நட்டை அசைத்தால் மோட்டார் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றும். பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

பிறகு ஆக்சில் (பின் சக்கர அச்சு) நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு பின்வாங்கி, சக்கரத்தை முன்னால் தள்ளினால் பெல்ட் தொளதொளவென்று ஆகும். பிரேக் கேலிப்பரையும் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) ஏ.பி.எஸ். சென்சாரையும் (சக்கர வேகத்தை அறிவது) கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். சக்கரத்தை எடுக்கும்போது இடது, வலது ஸ்பேசர்களை (அச்சில் கோர்த்த குழாய் வளையங்கள்) தனித்தனியாக வைக்கவும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் நீளம் மாறும். மாற்றிப் போட்டால் பெல்ட் ஒரு ஓரமாகவே ஓடும்.

சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். புது ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தும் முன், சக்கரத்தில் உள்ள போல்ட் துளைகளில் பழைய த்ரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) துகள் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்து, நடுத்தர வகை நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டு, எதிரெதிர் போல்ட்டாக இரண்டு கட்டமாக இறுக்குங்கள். டார்க் (திருப்பு விசை) அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்கவும். மோட்டார் ஸ்ப்ராக்கெட்டின் லாக் வாஷரும் லாக் நட்டும் ஒருமுறை மட்டுமே பயன்படும், புதிதாகவே போடுங்கள். இந்த நட்டைக் கடைசியாக இறுக்கும்போதும் பழைய பெல்ட்டைத் தற்காலிகமாக மாட்டி, பிரேக்கைப் பிடித்து இறுக்கலாம். புது பெல்ட்டுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

புது பெல்ட்டைக் கூரியரில் வாங்கினேன். மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பயன்படுத்தலாமா? (வாசகர், திருநெல்வேலி)

கூர்மையான மடிப்பு இருந்தால் வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். பெல்ட்டின் பலமெல்லாம் உள்ளே ஓடும் கார்பன் அல்லது அராமிட் இழைகளில் இருக்கிறது. இழுத்தால் தாங்கும் இந்த இழைகள் கூர்மையாக மடித்தால் முறிந்துவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, மடிந்த அதே இடத்தில் நேர்கோட்டில் பட்டென்று அறுந்துவிடும்.

அதே காரணத்துக்காக பெல்ட்டை முறுக்கவோ, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டவோ கூடாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவது அதைவிட மோசம். பெல்ட் கையால் ஏறவில்லை என்றால் சக்கரம் இன்னும் முன்னால் வர வேண்டும் என்று பொருள்.

போடும் முன் பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, சாக்பீஸால் குறியிட்டு, பற்களை எண்ணுங்கள். பல் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் இடைவெளி, அகலம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பெல்ட் மாற்றிய பிறகு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ‘ஊ’ என்ற சத்தம் வருகிறது. மெக்கானிக், “புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிடும்” என்கிறார். (வாசகர், கோயம்புத்தூர்)

காத்திருக்காதீர்கள். வேகத்தோடு ஏறும் ஊளைக்குப் பெரும்பாலும் காரணம் அதிக இறுக்கம். அடுத்த காரணம் அலைன்மென்ட், அதாவது இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது. அதிக இறுக்கத்தில் பெல்ட்டைவிட மோட்டார் ஷாஃப்ட்டின் பேரிங் முதலில் கெடும். அதை மாற்றும் செலவு பெல்ட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

பெல்ட்டின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று, கீழ்ப்பக்க பெல்ட்டின் நடுவில் குறிப்பிட்ட விசை கொடுத்து எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்ப்பது. ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் இதற்கான விசை 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ. இன்னொன்று, பெல்ட்டை விரலால் மீட்டி, அதன் அதிர்வெண்ணை போன் ஆப்பில் அளப்பது. இந்த இரண்டாவது முறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 50 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 60 வந்தால் இறுக்கம் 20 சதவீதம் அல்ல, 44 சதவீதம் கூடியிருக்கிறது. “கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்” என்று விடுவதன் விலை இதுதான்.

எந்த முறையானாலும் சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில் கையேட்டு அளவை வையுங்கள். ஸ்ப்ராக்கெட் துல்லிய வட்டமாக இருப்பதில்லை. தளர்ந்த இடத்தில் அளவு வைத்தால் இறுகிய இடம் எல்லை மீறும். ஆக்சில் நட்டை இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும். நட் இறுகும்போது டென்ஷன் மாறுவது வழக்கம்.

அலைன்மென்ட்டுக்கு ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். பிவட் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்சில் மையம்வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமமாக்குங்கள். பிறகு சக்கரத்தை முன்னோக்கிப் பத்துச் சுற்று சுற்றி, பெல்ட் எந்த விளிம்புக்கு நகர்கிறது என்று பாருங்கள். பின்னோக்கிச் சுற்றினால் பெல்ட் வேறு பக்கம் நகரும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சிக்னலில் வேகமாகக் கிளம்பும்போது ‘டக்’ என்று தாவுகிறது. சில சமயம் ரீஜென் பிரேக் (மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைப்பது) பிடிக்கும்போதும் அதே சத்தம். (வாசகர், மதுரை)

பெல்ட் தளர்ந்து பல் தாவுகிறது. மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு டார்க்கையும் தரும். அதனால் கிளம்பும்போது தாவுகிறது. ரீஜெனில் சக்கரம் மோட்டாரைச் சுற்றுவதால் விசையின் திசை மாறி, அதுவரை தளர்வாக இருந்த கீழ்ப்பக்கம் இழுபடும். இரண்டு நேரத்திலும் சத்தம் வருவதால் பெரும்பாலும் டென்ஷன்தான் காரணம். தாவிய ஒவ்வொரு முறையும் இழைகளுக்கு அடி விழுந்திருக்கும். டென்ஷனைச் சரிசெய்து, பெல்ட்டை முழுச் சுற்றும் ஆராயுங்கள். ஒரு பல்லின் அடியில் விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள்.

பெல்ட்டில் கிரீஸ் அல்லது செயின் ஸ்ப்ரே போடலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து ஸ்ப்ராக்கெட்டை அரிக்கும். தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும்.

சின்ன ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் டாப் ஸ்பீடு ஏறுமா? (வாசகர், ஓசூர்)

கன்ட்ரோலர் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) மோட்டாரின் சுற்று வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தால் ஏறும். 28-ஐ 29 ஆக்கினால் சுமார் 3.5 சதவீதம். அதே அளவு பின் சக்கரத்தில் கிடைக்கும் டார்க் குறையும். மேட்டில் மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். பல்லுக்குப் பல் 8 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பெல்ட்டில், ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் ஆக்சிலை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். அட்ஜஸ்டரில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று ஸ்ப்ராக்கெட் வாங்கும் முன் பாருங்கள். வாரண்டியும் போய்விடலாம்.