குற்றமும் இல்லை, வழக்கும் இல்லை, ஆனால் முள்வேலி

கேள்வி: போர்க்காலத்தில் விசாரணையே இல்லாமல் மக்களை முகாமில் அடைத்தார்கள் என்று படிக்கிறேன். இதுவும் சிறைத் தண்டனையும் ஒன்றுதானா? சட்டம் இதை அனுமதிக்கிறதா?

பதில்: ஒன்றில்லை. ஒருவர் செய்த குற்றத்துக்குக் கிடைப்பது சிறை. போரில் பிடிபட்ட படைவீரர் போர்க்கைதி. நீங்கள் கேட்பதோ மூன்றாவது வகை. இதில் ஆயுதம் ஏந்தாத ஒருவரை, 'இவரால் நாளைக்கு ஆபத்து வரலாம்' என்ற சந்தேகத்திலேயே அடைத்துவிடுகிறார்கள். நடக்காத ஒன்றைச் செய்யமாட்டேன் என்று யாரால் நிரூபிக்க முடியும், சொல்லுங்கள்?

சட்டம் இதை முழுக்கத் தடை செய்யவில்லை. போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1949-ம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அடைக்கலாம் என்கிறது. ஆனால் ஒரு நீதிமன்றமோ குழுவோ அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், அப்புறம் ஆண்டுக்கு இரண்டு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும், காரணம் தீர்ந்ததும் விட்டுவிட வேண்டும். தண்டனையாக இதைப் பயன்படுத்தவே கூடாது.

இந்த உடன்படிக்கை வருவதற்கு முன்பு நடந்ததைப் பார்த்தால் மனசு கனக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல் பிரிட்டன் 'எதிரி நாட்டவர்' என்று சுமார் 27,000 பேரை அடைத்தது. அவர்களில் பலர் ஹிட்லருக்குப் பயந்து அங்கே அடைக்கலம் தேடி வந்த யூதர்கள்!

ஜப்பானோடு போரில் இறங்கியிருந்த அமெரிக்காவில் 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ம் எண் ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது, ராணுவம் குறிக்கும் பகுதிகளிலிருந்து யாரையும் வெளியேற்றலாம் என்றுதான் இருந்தது, ஆனால் அதை வைத்து மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை, கைக்குழந்தை முதல் கிழவர் வரை, கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். சில குடும்பங்களை முதலில் தங்கவைத்தது சாண்டா அனிடா பந்தயத் திடலின் குதிரை லாயங்களில். தனித்தனியாக யாரையும் விசாரிக்கவில்லை, வம்சாவளி ஒன்றே போதுமானதாக இருந்தது. வெளியேற மறுத்த கோரேமட்சு என்பவரின் வழக்கில் 1944-ல் உச்ச நீதிமன்றமே அரசின் பக்கம் நின்றது.

இனவெறுப்பும் போர்ப்பதற்றமும் தலைவர்களின் தவறும்தான் காரணம் என்று 1983-ல் விசாரணை ஆணையம் சொன்னது. 1988-ல் அரசு மன்னிப்புக் கேட்டுத் தலா 20,000 டாலர் கொடுக்க முடிவு செய்தது. அந்தச் சட்டம் கையெழுத்தான அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். முகாமுக்கு முதுமையில் போனவர்கள் அந்த மன்னிப்பைக் கேட்க இல்லை.